அத்திவாரத்தில் ஓட்டை

வீட்டை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமென்றால் அத்திவாரத்தில் ஓட்டை விட வேண்டும் என்று இஞ்சினியர் ராஜரத்தினம் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ பிழை என்று இரஞ்சிதம் நினைத்தாள். புருசனைத் திரும்பிப் பார்த்தாள். பரமலிங்கம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு இஞ்சினியரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

“எங்க தம்பி ஓட்டை?”

“அத்திவாரச் சுவரில ஐயா. நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்துக்குள்ள. ஒரு பக்கம் மட்டும் விட்டால் காணாது. ரெண்டு பக்கத்திலயாவது வேணும்.”

“அதுக்குள்ளால தண்ணி உள்ள போகுமெல்லே?”

“போகத்தான் வேணும்.”

பரமலிங்கம் பக்கத்தில் துப்பிவிட்டுச் சிரித்தார். படித்த மனிதனை முகத்துக்கு நேரே பழிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தம்பி, நான் போன மாரியில விடிய இருந்து மத்தியானம் மட்டும் வெள்ளத்தோட நிண்டனான். வாசலிலயும் சுவரைச் சுத்தியும் மண்மூட்டை அடுக்கி, உள்ள ஒரு சொட்டும் விடேல்லை. தண்ணியை எப்பிடி மறிக்கிறதெண்டு என்னட்டைக் கேளுங்கோ.”

இந்தக் கதையை அவர் உடையார்கட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அன்றைக்கு உடையார்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்து, முன்வாசல் ஒழுங்கைப் பாதையால் வந்த தண்ணீர் அவர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தது. உரப்பைகளில் மண் நிரப்பி அவர் தனியாளாக அடுக்கிய மூட்டைகளை ஊரே வந்து பார்த்தது. வெளியே இடுப்பளவு தண்ணீர் நின்றபோதும் வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் மேல் குசினிச் சுவர் சரிந்தது. அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. விசுவமடுவில் முறிவு வைத்தியம் பார்த்து எலும்பு பொருந்தினாலும், கால் கொஞ்சம் வளைந்தே பொருந்தியது. அரிகல் சரியில்லை, சூளைக்காரன் வேகாத கல்லை ஏற்றிவிட்டான் என்று பரமலிங்கம் சொல்லுவார். கதையின் அந்தப் பகுதியை மட்டும் விரைவாக முடித்துவிடுவார்.

இது இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம். போர்க்காலம். வன்னிக்குள் சீமெந்து வர அரசு விடுவதில்லை. ஒரு தொண்டு நிறுவனம் எப்படியோ அனுமதி எடுத்துக் கொஞ்சம் கொண்டுவந்து, வெள்ளம் ஏறும் இடங்களில் ஐந்து வீடுகளைப் புது முறையில் கட்டிப் பார்க்க முடிவெடுத்திருந்தது. அந்த ஐந்தில் ஒன்று பரமலிங்கத்தின் வீடு. வழக்கம்போல அத்திவாரத்துக்குள் மண்ணை நிரப்பிச் சீமெந்துத் தரை போட்டால், அங்கத்தைய களிமண் மாரியில் ஊதிக் கோடையில் வெடித்துத் தரையைப் பிளந்துவிடும். சீமெந்தும் காணாது. அதனால் சுற்றிவர மூன்றடி உயரத்துக்கு அத்திவாரச் சுவரை எழுப்பி, அதன் மேல் பனஞ்சிலாகைகளைக் குறுக்குச் சட்டமாகப் பரப்பி, பனம் பலகையால் தரை போடுவது என்று திட்டம். பலகைக்குக் கீழே வெறும் வெளி. ஆள் ஊர்ந்து போகலாம். அந்த வெறும் வெளிக்குத்தான் ஓட்டை வேண்டும் என்று ராஜரத்தினம் விடாப்பிடியாக நின்றார்.

“வந்து களஞ்சியத்தில பாருங்கோ, விளங்கும்” என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி. வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நின்றது.

அடுத்த நாள் காலை இரஞ்சிதத்தைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பரமலிங்கம் புதுக்குடியிருப்புக்கு மிதித்தார். அவள் வரவேண்டிய அவசியமில்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீரை விடச் சொல்லுகிற மனிதரின் விளக்கத்தைத் தானும் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

நிறுவனத்தின் களஞ்சியம் ஒரு பழைய நெல்லுக் கொட்டில். ராஜரத்தினம் மூன்று விதமான சாமான்களை மேசையில் எடுத்து வைத்தார். முதலாவது, சாம்பல் நிறத் தகரப் பெட்டி. நடுவில் ஒரு சின்னக் கதவு ஊஞ்சல்போலத் தொங்கியது. உள்ளே ஒரு மிதவை. தண்ணீர் வந்தால் மிதவை எழும்பிக் கொளுக்கியைக் கழற்றிவிடும், கதவு உள்ளேயும் வெளியேயும் தானாக ஆடும் என்றார். இரண்டாவது, வெள்ளை நிறச் சட்டம். அதில் இழுத்து மூடுகிற தகடுகள். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது, அங்கேயே அச்சில் வார்த்த சீமெந்துப் பூக்கல். அதில் கதவும் இல்லை, தகடும் இல்லை, வெறும் ஓட்டைகள்.

“இதுக்குச் சான்றிதழ் இருக்கு” என்று தகரப் பெட்டியைத் தொட்டார். “வெளிநாட்டில தண்ணித் தொட்டியில வைச்சுச் சோதிச்சுக் குடுத்தது. தரையின்ர ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலம் ஓட்டை வேணும் எண்டது பொதுக் கணக்கு. ஆனால் இந்தப் பெட்டி ஒண்டு இருநூறு சதுர அடிக்குக் காணுமாம்.”

“இந்த ஓட்டை இருநூறு அங்குலம் வராதே” என்றாள் இரஞ்சிதம்.

“இல்லைத்தான் அம்மா. ஆனால் சோதிச்சவை அப்பிடிச் சொல்லுகினம். அடைபடாமல் தண்ணியைக் கெதியா விடுமாம்.”

அவளுக்கு விளங்கவில்லை. சின்ன ஓட்டை எப்படிப் பெரிய ஓட்டைக்குச் சமனாகும்? கடதாசியில் அப்படி எழுதினால் தண்ணீர் அந்தக் கடதாசியை வாசித்துவிட்டா வரும்?

பரமலிங்கம் வெள்ளைச் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தார். தகடுகளை இழுத்து மூடினார், திறந்தார், மூடினார். “இதுக்கும் சான்றிதழ் கிடக்கே?”

“கிடக்கு. ஆனால் அது காத்துக்கு ஐயா. பலகை உக்காமல் காத்தோட்டம் விடுறதுக்கு. வெள்ளத்துக்கில்லை.”

“சிவப்பு முத்திரை குத்தியிருக்கே.”

“முத்திரை குத்தியிருக்குத்தான். எதுக்குக் குத்தினது எண்டுதானே பாக்க வேணும்.”

“பூக்கல்லுக்கு?”

“அதுக்கு ஒரு கடதாசியும் இல்லை. ஆனால் கனக்க வைச்சால் சரி.”

இதோடு மூன்றும் இரஞ்சிதத்தின் தலைக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கடதாசி உள்ளதில் ஒன்று சரி, ஒன்று பிழை. கடதாசி இல்லாதது சரி. ராஜரத்தினம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த மெழுகு மட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தார். மருந்து வந்த பெட்டி. வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அதை நேராக அமிழ்த்தினார். பெட்டியின் பக்கங்கள் உள்ளே வளைந்தன. இன்னும் அமிழ்த்த ஒரு பக்கம் மடங்கி உள்ளே விழுந்தது. பிறகு வேறொரு பெட்டியின் அடிப்பக்கத்தில் பேனாவால் நாலைந்து ஓட்டை குத்தி அமிழ்த்தினார். தண்ணீர் உள்ளே ஏறியது. பெட்டி நெளியாமல் நின்றது.

“வெளியில தண்ணி, உள்ள வெறுமை எண்டால் சுவர் உள்ளுக்குத்தான் விழும். ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில நிண்டால் தள்ளுறதுக்கு ஒண்டும் இல்லை.”

இரஞ்சிதம் அந்த மடங்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன மாரி நினைவுக்கு வந்தது. வெளியே இடுப்பளவு தண்ணீர். உள்ளே அடுப்பு எரிகிறது. ஒரு சொட்டும் விடவில்லை. சுவர் உள்ளுக்குத்தான் விழுந்தது.

புருசனைப் பார்த்தாள். அவர் தொட்டிப் பக்கம் பார்க்கவேயில்லை. வெள்ளைச் சட்டத்தின் தகடுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் கரியரில் இருந்தபடி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லலாமா? சொல்லி என்ன செய்ய? கால் நேராகப் போகிறதா? ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதன். அதோடு, ஒரு மட்டைப் பெட்டியைப் பார்த்து வீட்டுச் சுவரைப் பற்றி முடிவுக்கு வரலாமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை சூளைக்காரன்தானோ என்னவோ.

தகரப் பெட்டிகள் மற்ற நாலு வீடுகளுக்கும் போய்விட்டன. அவர்கள் பங்குக்கு ஒன்றுதான் மிச்சம். அதைக் குளத்துப் பக்கச் சுவரில் வைத்து, மற்றப் பக்கங்களில் பூக்கல் பதிக்கும்படி ராஜரத்தினம் சொன்னார். மூன்றாம் நாள் வந்து, இல்லை, பெட்டியை ஒழுங்கைப் பக்கம் வைத்தால்தான் நல்லது என்று மாற்றிச் சொன்னார். “எனக்கும் இது முதல் தரம் ஐயா. கம்பசில இப்பிடி ஒரு வீடு படிப்பிக்கேல்லை” என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு மல்லாவிப் பக்கம் வேலைக்குப் போனார். அவர் போன பிறகு பரமலிங்கம் பூக்கல்லை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வெள்ளைச் சட்டங்களை வாங்கிவந்தார். மேசன் கேள்வி கேட்கவில்லை. பதித்துவிட்டுப் போனான்.

மகள் வினோஜாதான் அதிலுள்ள பிழையைக் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். தகரப் பெட்டியோடு வந்த கடதாசியை அகராதியும் கையுமாக இருந்து ஒருநாள் பின்னேரம் முழுக்க வாசித்தாள்.

“அம்மா, இதில ஒண்டைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கினம். மனுசக் கை படாமல் தானாத் திறக்க வேணுமாம். உள்ள போறதுக்கும் வெளிய வாறதுக்கும்.”

“அப்ப அந்த வெள்ளைச் சட்டம்?”

“அதைக் கையால இழுக்க வேணுமே. பிடியும் உள்பக்கத்தில கிடக்கு. வெள்ளம் வரேக்க ஆர் பலகைக்குக் கீழ ஊர்ந்துபோய் இழுக்கிறது?”

இரஞ்சிதம் இதைப் பரமலிங்கத்திடம் சொன்னாள். “வெள்ளம் வரேக்க திறக்கிறதுக்கு நான் அதை வாங்கேல்லை. வெள்ளம் வரேக்க மூடுறதுக்குத்தான் வாங்கினனான்” என்றார் அவர்.

அதற்கு மேல் என்ன சொல்லுவது? நினைக்கிறதைச் சொன்னால் பெட்டிக் கதைக்குப் போக வேண்டும். பெட்டிக் கதைக்குப் போனால் காலுக்குப் போக வேண்டும். அவள் அடுப்படிக்குப் போனாள்.

புது வீட்டுக்குக் குடிவந்த கிழமை பக்கத்து வளவு ஐயாத்துரை வந்தார். அவருக்கும் அப்படியொரு வீடு கிடைத்திருந்தது. குண்டுக்குப் பதுங்க ஊரில் வெட்டிய பங்கர்களில் அரைவாசிக்கு அளவு சொல்லிக் கொடுத்தவர் அவர். அறைக்குள் பலகை ஒன்றைத் தூக்கிவிட்டுக் கீழே தலையை விட்டுப் பார்த்தார்.

“பரமு, உனக்கு இனிப் பங்கர் வெட்டத் தேவையில்லை. இதுதான் பங்கர். சுத்திவரக் கல்லுச் சுவர். அந்த ஓட்டையளை மட்டும் மறிச்சுவிடு. சிதறு துண்டு அதுக்குள்ளாலதான் வரும்.”

“இஞ்சினியர் மறிக்கக்கூடாதெண்டவர் அண்ணை” என்றாள் இரஞ்சிதம்.

“இஞ்சினியருக்கு மேல கிபிர் சுத்துறேல்லை, பிள்ளை. நான் என்ர ஓட்டை எல்லாத்தையும் மறிச்சுப்போட்டன்.”

அவர் சொன்னதையும் பிழை என்று தள்ள முடியவில்லை. முந்தின மாதம் கிபிர் விமானம் போட்ட குண்டு சந்தைப் பக்கம் விழுந்து, துண்டுகள் மரங்களை அரிந்துகொண்டு போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தண்ணீருக்குத் திறக்க வேண்டும், குண்டுக்கு மூட வேண்டும். ஒரே ஓட்டை. பரமலிங்கம் அன்றைக்கே சட்டங்களின் தகடுகளை மூடி, மூன்று ஓட்டைக்கும் முன்னால் மண்மூட்டை அடுக்கினார். மூட்டைக்குப் பின்னால் தண்ணீர் புகாத தறப்பாள் துண்டையும் மடித்து வைத்தார். “ரெண்டுக்கும் ஆச்சு” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிபோலக் கிபிர் வந்தது. வினோஜா பள்ளிக்கூடத்தில். பரமலிங்கம் பலகையைத் தூக்கி மனைவியை முதலில் இறக்கினார், பிறகு தானும் இறங்கினார். உள்ளே இருட்டு. காற்று இல்லை. நிமிர்ந்து இருக்க முடியாமல் பலகை தலையில் இடித்தது. காலை மடக்க முடியாமல் இரஞ்சிதம் பக்கவாட்டில் கிடந்தாள். விமானம் தாழப் பதியும் சத்தம் கேட்டது. எங்கேயோ இரண்டு தரம் நிலம் குலுங்கியது. பலகைகளுக்கிடையால் மண் கண்ணுக்குள் கொட்டியது. அவர் தன் கையால் அவளுடைய தலையை மூடிக்கொண்டிருந்தார்.  அந்த இருட்டுக்குள், மூட்டைகள் அங்கே இருப்பது நல்லது என்று அவள் மனமாரவே நினைத்தாள். சத்தம் அடங்கிப் பள்ளிக்கூடப் பக்கம் ஒன்றுமில்லை என்று தெரிந்து வெளியே வந்த பிறகுதான், மாரி வரப்போகிறதே என்ற பயம் திரும்ப வந்தது. இரண்டு பயத்தையும் ஒரே நேரத்தில் மனதுக்குள் வைத்திருக்க அவளால் முடியவில்லை. ஒன்றை நினைத்தால் மற்றது மறைந்துவிடுகிறது.

“மழை வந்தால் மூட்டையை எடுப்பமே?” என்று மட்டும் கேட்டாள்.

“மழைக்குத்தானே மூட்டை” என்றார் அவர்.

கார்த்திகை முடிவில் மழை பிடித்தது. விடாமல் பெய்த மழையின் மூன்றாம் நாள், குளக்கட்டில் ஒரு இடம் கரைகிறது என்று ஆட்கள் கூப்பிட, பரமலிங்கம் மண்வெட்டியோடு போனார். போனவர் திரும்புவதற்குள் குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் சிவப்புத் தண்ணீர் வந்தது. முதலில் பாதம் நனையும் அளவு. வினோஜா பாயையும் அரிசியையும் உயரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரஞ்சிதம் படியில் நின்று அத்திவாரச் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் முதல் மூட்டையை மூடியது. இரண்டாவதை மூடியது.

அவள் அறைக்குள் போய்ப் பலகையைத் தூக்கிக் கீழே பார்த்தாள். உள்ளே நிலம் காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம். ஒரு பூனைக்குட்டி படுத்துத் தூங்கலாம், அவ்வளவு காய்ந்த நிலம்.  வெளியே முழங்காலுக்கு மேல் தண்ணீர், உள்ளே தூசி. குளத்துப் பக்க மூலையில் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மயிர்க்கோடு ஓடியிருந்தது. அது நேற்றும் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

“பிள்ளை, வா. மூட்டையை எடுப்பம்.”

“அப்பா பேசப்போறார்.”

“பேசட்டும்.”

இடது காலை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். ஊறிய மூட்டை பிணம்போலக் கனத்தது. இருவரும் சேர்ந்து இழுக்க உரப்பை கிழிந்து மண் கரைந்து போனது. ஒழுங்கைப் பக்கத்து மூட்டைகளைத் தள்ளித் தறப்பாளை உருவியதும், தகரப் பெட்டியின் கதவு ‘டக்’கென்று உள்ளே சாய்ந்தது. தண்ணீர் தொண்டையைத் திறந்து குடிப்பதுபோன்ற சத்தத்தோடு உள்ளே போனது. வினோஜா பயந்து கையை எடுத்துவிட்டாள். இரஞ்சிதத்துக்கும் ஒரு கணம் தான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது. தன் வீட்டுக்குள் தானே வெள்ளத்தைத் திறந்துவிட்டிருக்கிறாள். இஞ்சினியருக்கும் இது முதல் தரம். அவர் சொன்னது பிழைத்தால்?

ஆனால் வெளியே தண்ணீர் ஏறுகிற வேகத்துக்கு அந்த ஒரு பெட்டி காணாது என்று கண்ணுக்கே தெரிந்தது. குளத்துப் பக்கம் போனாள். அங்கே மூட்டையை எடுத்தபின்னும் வெள்ளைச் சட்டத்தின் தகடுகள் இறுக மூடிக் கிடந்தன. பிடி உள்ளே. இனி உள்ளே இறங்க முடியாது. குசினிக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை வினோஜா எடுத்துக்கொண்டு வந்தாள். இரஞ்சிதம் அதை வாங்கித் தண்ணீருக்குள் தடவி இடம் பார்த்து, தகடுகளில் குத்தினாள். ஒன்று வளைந்தது. திரும்பக் குத்தினாள்.

“உனக்கென்ன விசரே!”

பரமலிங்கம் ஒழுங்கையில் நின்றார். இடுப்புக்குக் கீழே சேறு. கையில் மண்வெட்டி. மனைவி அலவாங்கால் வீட்டைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

“விடுங்கோ! உள்ள காஞ்சு கிடக்கு, சுவர் வெடிச்சிட்டுது, விடுங்கோ!”

“காஞ்சு கிடந்தால் நல்லதெல்லே? அதுக்குத்தானே...”

அவர் நிறுத்திவிட்டார். அவளுடைய கையைப் பிடித்தபடி சுவரிலிருந்த வெடிப்பைப் பார்த்தார். வெளியே நின்ற தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் மழை வழிந்தது. அவர் என்ன யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியக்கூடாது என்று அவள் இத்தனை மாதமும் கவனமாக இருந்தது அதுதான்.

“அப்ப...” என்றார். “அப்ப போன மாரியில, நான்...”

“அதை இப்ப விடுங்கோ. தண்ணி ஏறுது.”

அவர் அவளுடைய கையிலிருந்து அலவாங்கை வாங்கினார். வெள்ளைச் சட்டத்தை நாலு குத்தில் கழற்றி எறிந்தார். மற்றப் பக்கம் போய் அடுத்ததையும் அப்படியே செய்தார். சட்டம் இருந்த இடங்கள் வாயாகத் திறந்தன. பிறகு மூவரும் மேலே ஏறிப் பலகையில் இருந்தார்கள். கீழே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. வைக்கோலும் தடியும் அடியில் உரசிக்கொண்டு போயின. ஒருதரம் பலகைக்குக் கீழே ஏதோ உயிருள்ளது மோதியது. பாம்பாக இருக்கலாம். ஒருவரும் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பின்னேரம் மழை விட்டது. அடுத்த நாள் தண்ணீர் வந்த வழியாலேயே வடியத் தொடங்கியது. வீடு நின்றது. வெடிப்பு அப்படியே இருந்தது, பெரிதாகவில்லை. இரண்டு பலகைகள் ஊதி எழும்பியிருந்தன.

வெள்ளம் வடிந்து பாதை திறந்த பிறகு ராஜரத்தினம் வந்தார். ஓட்டைகளையும் வெடிப்பையும் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் சேற்றுக்கோட்டைப் பார்த்து அளந்தார். “அம்மா, நீங்கள் திறந்திராட்டி இந்தப் பக்கம் இருந்திராது” என்றார். இரஞ்சிதத்துக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஐயாத்துரை வரும்வரைதான் இருந்தது.

“என்ர வீட்டையும் வந்து பாருங்கோ இஞ்சினியர். ஒரு மூட்டையும் எடுக்கேல்லை. ஒரு ஓட்டையும் திறக்கேல்லை. மயிர்க்கோடுகூட இல்லாமல் நிக்குது.”

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். சுவர் நிமிர்ந்து நின்றது. மூட்டைகள் அடுக்கியபடியே கிடந்தன. ராஜரத்தினம் குந்தியிருந்து பார்த்தார், சுற்றி நடந்தார், பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நின்றது. எலி வளையால் வந்திருக்கலாம் என்றார். அல்லது நிலம் கொஞ்சம் மேடாக இருக்கலாம் என்றார். கடைசியில் எழும்பிக் கைச் சேற்றைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, “சரியாத் தெரியேல்லை” என்றார்.

“அதைத்தான் நானும் சொல்லுறன்” என்றார் ஐயாத்துரை, என்ன சொல்லுகிறோம் என்று தனக்கே தெளிவில்லாமல்.

 பரமலிங்கம் ஐயாத்துரையின் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று பின்னேரமே தங்கள் வளவில் தென்னைக்குப் பக்கத்தில் பங்கர் வெட்டத் தொடங்கினார். அத்திவார ஓட்டைகளை இனி மூடப்போவதில்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை என்றாலும் அதன் அர்த்தம் அதுதான்.

இரஞ்சிதம் தேத்தண்ணியோடு போனாள். வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிடிக்க முடியவில்லை. அவருடைய மூட்டைகளால்தான் பழைய சுவர் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று முன்பு பயந்திருந்தாள். இப்போது, அது அப்படித்தான் என்று அவர் அவ்வளவு உறுதியாக நம்பிவிடக்கூடாதே என்று பயமாக இருந்தது.

“ஐயாத்துரை அண்ணையின்ர வீடும் நிக்குதுதானே” என்றாள். “மறிச்சபடி நிக்குது. அப்ப, மறிச்சால் விழும் எண்டும் இல்லை. போன மாரியில வேற என்னத்தாலயாவது இருக்கலாம்.”

அவர் தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்தார். “அவன்ர வளவு எங்கடையிலும் பாக்க ஒண்டரை அடி மேடு. மத்தியானம் திரும்பப் போய் நூல் பிடிச்சுப் பாத்தனான்” என்றார்.

 ராஜரத்தினத்துக்கே தெரியாததை இந்த மனிதன் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறார். தனக்குச் சாதகமாக வரக்கூடிய ஒன்றைத் தானே அளந்து இல்லாமல் ஆக்கியிருக்கிறார். ஒன்றரை அடி அவ்வளவு பெரிய வித்தியாசமா என்று கேட்க நினைத்தாள். அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள்.

“கால் நோகுதே?” என்று அவர் கேட்டார்.

“இல்லை. தண்ணிக்குள்ள நிண்டதில கொஞ்சம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, வெட்டிய கிடங்குக்குள் திரும்ப இறங்கினார். இரண்டடிகூட வெட்டியிருக்க மாட்டார். அடியில் ஈரம் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே கசிவு ஊறிக் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீராக நின்றது. வெள்ளம் வடிந்த நிலம், எங்கே வெட்டினாலும் தண்ணீர்தான். அவர் மண்வெட்டியை வெளியே போட்டுவிட்டு ஏறினார். வளவைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எங்க வெட்டுவம்?”

இத்தனை வருசத்தில் வளவில் எதை எங்கே செய்வது என்று அவர் அவளிடம் கேட்டதில்லை. அவள் பின்பக்கம், வேலியோரம் நின்ற பாலை மரத்தடியைக் காட்டினாள். ஏன் அந்த இடம் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

“அங்க தண்ணி ஊறாதே?”

“தெரியாதப்பா. வெட்டிப் பாப்பம்.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அவள் அலவாங்கை எடுத்தாள். இருவரும் சேற்றில் கால் புதையப் பாலை மரத்தடிக்கு நடந்தார்கள்.